ஓஃபா மன்னரின் தீனார்: ஒரு பழங்காசின் சாட்சியம்

இலண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணயச் சேகரத்தில் சிறியதொரு பொற்காசு பேணப்பட்டு வருகின்றது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர், எடை 4.28 கிராம். ஒரு முகத்தின் நடுவே, அல்லாஹ்வைத் தவிர வணக்கத்திற்குரியவன் வேறில்லை, அவன் தனித்தவன், இணையற்றவன் என்னும் ஏகத்துவக் கலிமா அரபியில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. மறுமுகத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் தூதர் என்னும் வாசகம் மூன்று வரிகளில் அமைந்துள்ளது. அவ்வரிகளின் இடைவெளியில், அரபி எழுத்துகளுக்குத் தலைகீழான நிலையில், 'ஓஃபா ரெக்ஸ்' என்னும் இலத்தீன் சொற்கள் காணப்படுகின்றன. 'ஓஃபா மன்னன்' என்பது அவற்றின் பொருள். இங்கிலாந்தின் நடுப்பகுதியாகிய மெர்ஸியாவைக் கி.பி. 757 முதல் 796 வரை ஆண்டவரும், வேல்ஸ் எல்லையில் இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் நெடிய மண்ணரணை எழுப்பியவரும் இந்த ஓஃபாவே.

இக்காசைச் சான்றாகக் காட்டி, எட்டாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய மன்னர் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்று மேடைகளிலும் மலர்களிலும் எடுத்துரைக்கப்படுவதை நாம் கேட்டிருக்கின்றோம். கேட்பதற்கு இனிய செய்திதான். ஆயினும் இனிமை ஒரு செய்தியின் தரத்தை உயர்த்துவதில்லை என்பதை ஹதீஸ் கலை வல்லுநர்களின் வழிவந்த நமக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அறிவிப்பாளர் வரிசையாகிய சனதையும், செய்தியின் உள்ளடக்கமாகிய மத்னையும் தனித்தனியே எடைபோட்ட மரபு நம்முடையது. பழங்காசுகளை ஆராய்வோரும் ஏறக்குறைய அவ்வாறே செய்கின்றனர். காசு எங்கே கிடைத்தது, எவரெவர் கைமாறி வந்தது என்பது அவர்களுக்குச் சனது. உலோகம், எடை, அச்சு, எழுத்து, தேய்மானம் ஆகியன மத்ன். இவ்விரண்டையும் அவர்கள் எவ்வாறு தரம் பிரிக்கின்றனர் என்பதை அறிந்துகொண்டால், ஓஃபாவின் தீனார் எதற்குச் சாட்சி சொல்கின்றது, எதற்குச் சொல்லவில்லை என்பது தெளிவாகும்.

பிரிட்டனில் பழங்காசுகளின் தரத்தைச் சொற்களால் குறிப்பதே நெடுநாளைய வழக்கம். எவர் கையும் படாதது போல் தங்கசாலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே இருக்கும் காசு 'ஃபிளர் டி காயின்' எனப்படும். பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்ற இத்தொடருக்கு 'அச்சின் மலர்' என்று பொருள் கொள்ளலாம். அடுத்து, புழக்கத்திற்கு வராத காசு 'அன்சர்குலேட்டட்'. மிக நுணுகி நோக்கினாலன்றித் தேய்மானம் தெரியாதது 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்'. மேடான பகுதிகள் மட்டும் சற்றே தேய்ந்தது 'வெரி ஃபைன்'. நன்றாகத் தேய்ந்தும் உருவும் எழுத்தும் தெளிவாகவே இருப்பது வெறும் 'ஃபைன்'. அதற்கும் கீழே 'ஃபேர்', 'புவர்' என இறங்கிச் செல்லும். நல்லது என்று பொருள்படும் 'ஃபைன்' என்ற சொல் இங்கே நடுத்தரத்திற்கும் தாழ்ந்த நிலையைக் குறிப்பது புதிதாகக் காசு வாங்குவோர் பலரையும் ஏமாற்றுகின்றது. அமெரிக்காவில் 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பார் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்கென 1 முதல் 70 வரை எண்ணிட்டு ஓர் அளவுகோலை வகுத்தார். இன்று உலகெங்கும் காசுகளைக் கண்ணாடி போன்ற பேழைகளில் அடைத்து முத்திரையிடும் நிறுவனங்கள் அவ்வெண்களையே பயன்படுத்துகின்றன.

இந்த அளவுகோல்கள் இயந்திரத்தால் அடித்த காசுகளுக்கே நன்கு பொருந்துகின்றன. இங்கிலாந்தில் இயந்திர முறை நிலையாக வேரூன்றியது 1662-இல்தான். அதற்கு முந்தைய காசுகள் பெரும்பாலும் கையால் அடிக்கப்பட்டவை. கீழச்சு ஒரு மரக்கட்டையில் பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் உலோக வில்லையை வைத்து, மேலச்சை அதன்மீது பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அடி சாய்ந்து விழுந்தால் ஒரு புறம் ஆழமாகவும் மறுபுறம் மங்கலாகவும் பதியும். ஆகவே மங்கலான எழுத்தைக் கண்டவுடன் தேய்மானம் என்று முடிவு கட்டுதல் தவறு. தேய்மானமாயின் மேடான பகுதி வழவழப்பாகும்; அடியின் குறையாயின் வில்லையின் பழைய சொரசொரப்பு அவ்விடத்தில் அப்படியே எஞ்சியிருக்கும்; பெரும்பாலும் பின்புறத்தில் அதே இடமும் மங்கியிருக்கும். முதலாவது காலத்தின் செயல், இரண்டாவது பிறவிக் குறை. விற்பனைப் பட்டியல்களில் இவ்விரண்டையும் தனித்தனியே குறிப்பது நேர்மையான வணிகரின் வழக்கம்.

இவற்றோடு, ஓரம் வெட்டப்பட்டிருக்கின்றதா என்றும் நோக்குவர். வெள்ளிக் காசுகளின் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளியைச் சேர்க்கும் குற்றம் இங்கிலாந்தில் பெருகி, 1696-இல் பழங்காசு முழுவதையும் திரும்பப் பெற்று உருக்கி மறுபடி அடிக்க நேர்ந்தது. அறிவியல் மேதை ஐசக் நியூட்டன் தங்கசாலைப் பணியில் சேர்ந்ததும் அவ்வாண்டில்தான். துளையிட்ட அடையாளம், வளையம் பற்றவைத்த தழும்பு, பளபளப்பாக்கத் தேய்த்துக் கழுவிய கீறல்கள் ஆகியனவும் தரத்தைக் குறைக்கும். நம் நாட்டு வீடுகளில் காசுமாலையில் கோத்துப் பேணிய விக்டோரியா மகாராணியின் பவுன்களை விற்கச் சென்றோர், தங்கத்தின் விலைக்கு மேல் சேகரிப்போர் மதிப்பு கிட்டாமல் திரும்புவதற்குப் பற்றவைப்பின் தழும்பே காரணம். பழங்காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவதைப் போன்ற தீங்கு அதற்கு வேறில்லை.

இனி, அருமை வேறு, பழமை வேறு. உரோமப் பேரரசின் செப்புக் காசுகள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமையுடையனவாயினும் எளிய விலைக்குக் கிடைக்கின்றன. 1933-இல் அடித்த பிரிட்டிஷ் பென்னியோ விரல்விட்டு எண்ணத்தக்க அளவே உள்ளமையால் பெருமதிப்புப் பெறுகின்றது. மூன்றாம் எட்வர்ட் 1344-இல் வெளியிட்டு அதே ஆண்டில் திரும்பப் பெற்றுக்கொண்ட இரட்டைச் சிறுத்தைப் பொற்காசில் மூன்று மட்டுமே அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 2006-இல் 4,60,000 பவுண்டுக்கு விற்பனையாயிற்று. ஓஃபாவின் தீனாரோ ஒன்றே ஒன்று. ஒன்றே உள்ள காசுக்குத் தர எண் இடுவது வீண்வேலை; அங்கே ஆராய்ச்சி வேறு திசையில் செல்ல வேண்டும்.

முதலில் அதன் சனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சுப் பிரபு ஒருவர் ரோம் நகரில் இதனைப் பெற்றார் என்பதும், பின்னர்ச் சேகரிப்போர் கைமாறி 1913-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது என்பதுமே நமக்குக் கிட்டும் வரிசை. ஓஃபாவின் காலத்திற்கும் அப்பிரபுவுக்கும் இடையே ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் வெற்றிடமாக உள்ளன. ரோமில் வாங்கப்பட்டது என்பதும் ரோமில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்பட்ட கட்டுரைகள் அநேகம்.

அடுத்து மத்ன். அப்பாஸிய கலீஃபா அல்-மன்சூர் (ஆட்சி கி.பி. 754-775) காலத்துத் தீனார்களில் கலீஃபாவின் பெயரோ தங்கசாலையின் பெயரோ இடம்பெறுவதில்லை. கலிமாவும், தவ்பா அத்தியாயத்தின் 33-ஆம் வசனத்தை ஒட்டிய தொடரும், அடிக்கப்பட்ட ஹிஜ்ரி ஆண்டும் மட்டுமே இருக்கும். ஓஃபாவின் காசு இந்த அமைப்பை அப்படியே பின்பற்றுகின்றது. விளிம்பில் ஹிஜ்ரி 157 என்னும் ஆண்டும் எழுத்தால் குறிக்கப்பட்டுள்ளது, அது கி.பி. 773-774-க்கு இணையானது. அரபி வாசகம் பெரும்பாலும் படிக்கத்தக்கதாகவே இருப்பினும், மொழி அறிந்தவர் செய்யாத பிழைகள் அதில் உள்ளன. அச்சில் எழுத்துகளை இடவலமாக மாற்றிச் செதுக்கினால்தான் காசில் நேராக விழும். அரபி தெரியாத ஒரு கம்மியர், தம்முன் இருந்த தீனாரின் கோடுகளையும் வளைவுகளையும் ஓவியமாகக் கருதி, அவற்றை இடவலம் மாற்றிச் செதுக்கிய காட்சியை நாம் எண்ணிப் பார்க்கலாம். இத்துணை பிழையோடு முடிந்ததே அவருடைய கைத்திறனுக்குச் சான்று.

அரசன் பெயர் தலைகீழாக நிற்பது ஏன்? நாம் அரபியை நேராகப் பிடித்துப் படிப்பதால் இலத்தீன் நமக்குத் தலைகீழாகத் தெரிகின்றது. அந்தக் கம்மியருக்கோ அவர் அறிந்த எழுத்து இலத்தீன் ஒன்றே. அதை நேராகப் பிடித்து நோக்கினால் கலிமாதான் தலைகீழாகின்றது. தாம் செதுக்குவது எழுத்தா பூவேலையா, எது மேல் எது கீழ் என்பதை அறியாதவர் கையிலிருந்தே இக்காசு பிறந்தது. ஷஹாதாவை உளமார மொழிந்த ஒரு மன்னர், தம் பெயரையும் தூதரின் திருப்பெயரையும் இவ்வாறு ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பொறிக்க இசைந்திருப்பாரா?

ஆண்டுக் குறிப்பும் எச்சரிக்கையோடு கொள்ளத்தக்கது. ஹிஜ்ரி 157 என்பது மூலத் தீனாரின் ஆண்டே தவிர, நகல் அடிக்கப்பட்ட ஆண்டன்று. மன்சூரின் தீனார்களை நகலெடுத்து, எந்த மன்னர் பெயரும் இன்றி ஐரோப்பாவில் அடிக்கப்பட்ட வேறு பொற்காசுகளும் கிடைத்துள்ளன. அவற்றிலும் 157-ஆம் ஆண்டின் அமைப்புக் காணப்படுகின்றது. மூலத்தின் ஆண்டை நகலெடுப்போர் மாற்றுவதில்லை. அது ஓர் எண் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஓஃபாவின் பிற காசுகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அவருடைய வெள்ளிப் பென்னிகள் பலவற்றில் சிலுவை உண்டு. கேன்டர்பரி பேராயர்கள் தம் பெயரை ஒருபுறமும் ஓஃபாவின் பெயரை மறுபுறமும் பொறித்துக் காசு வெளியிட்டுள்ளனர். அரசி கினத்ரித்தின் பெயராலும் காசு உண்டு. ஆங்கிலோ-சாக்ஸன் காலத்தில் இச்சிறப்பைப் பெற்ற அரசி அவர் ஒருவரே. கி.பி. 786-இல் போப்பாண்டவரின் தூதர்கள் ஓஃபாவின் நாட்டிற்கு வந்து திருச்சபைக் கூட்டம் நடத்தினர். 787-இல் லிச்ஃபீல்டில் தனிப் பேராயர் பீடம் ஒன்றை அவரே முயன்று நிறுவினார். ஒற்றைக் காசை மட்டும் கையிலேந்தி இத்தனை சான்றுகளையும் புறந்தள்ளுவது, பலவீனமான ஓர் அறிவிப்பைக் கொண்டு வலுவான பலவற்றை மறுப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் கிறிஸ்தவ மன்னர் ஒருவர் முஸ்லிம்களின் நாணயத்தை ஏன் நகலெடுத்தார்? விடை காசின் எடையில் இருக்கின்றது.

உமையா கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-697) நாணயத்தைச் சீர்திருத்தி, உருவங்களை நீக்கி, எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டார். ஒரு மித்கால் எடை, அதாவது 4.25 கிராம், அதற்கு அளவாக வைக்கப்பட்டது. ஸ்பெயினிலிருந்து நடு ஆசியா வரை வணிகர்கள் ஐயமின்றி ஏற்ற பொன் அது. ஓஃபா காலத்து இங்கிலாந்தில் அன்றாடம் வழங்கியது வெள்ளிப் பென்னியே, பொற்காசு அருகிவிட்டிருந்தது. பெருந்தொகை கொடுக்க வேண்டிய இடத்தில், வாங்குவோர் தயங்காது ஏற்கும் பொன் வேண்டுமாயின் அதற்குத் தீனாரின் தோற்றம் தேவைப்பட்டது. ஓஃபாவின் காசு 4.28 கிராம் எடையுடன் அந்த அளவோடு ஒத்திருப்பது தற்செயலன்று.

அக்காலத்து ஆவணங்களில் 'மான்கஸ்' என்றொரு பொன்னளவு அடிக்கடி வருகின்றது. முப்பது வெள்ளிப் பென்னிக்கு அது சமம். பொறிக்கப்பட்டது என்று பொருள்படும் 'மன்கூஷ்' என்னும் அரபிச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். குறையுடையது என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பர் மறுசாரார். நமக்கு முதலாவதைக் கொள்ளவே விருப்பம். எனினும் இரண்டாம் கருத்தை உரைத்தோர் நாணயவியலில் பழுத்த அறிஞர்கள் என்பதால் இதனை முடிந்த முடிபாகச் சொல்லத் துணியோம். போப் மூன்றாம் லியோ எழுதிய கடிதமொன்று, ஆண்டின் நாள் எண்ணிக்கைக்கு ஏற்ப 365 மான்கஸ்களை ஆண்டுதோறும் ரோமுக்கு அனுப்புவதாக ஓஃபா நேர்ந்துகொண்டதைக் குறிப்பிடுகின்றது. தீனார் ரோமில் வாங்கப்பட்டதை இதனோடு இணைத்து, போப்புக்கு அனுப்பிய காணிக்கையில் இதுவும் ஒன்று எனச் சிலர் கூறுவர். வணிகத்திற்கென அடிக்கப்பட்டது என்பாரும் உளர். காணிக்கை என்பதே உண்மையாயின், ஏகத்துவக் கலிமா பொறித்த பொன் எவர் கண்ணையும் உறுத்தாமல் போப்பாண்டவரின் கருவூலத்தைச் சென்றடைந்தது என்றாகும். எழுத்தை அங்கும் எவரும் படிக்கவில்லை. பொன்னை மட்டும் அனைவரும் அறிந்திருந்தனர்.

காசின் எடை பற்றிய ஆராய்ச்சி சேகரிப்போரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. அது நம் ஸகாத்தோடு நேராகத் தொடர்புடையது. பொன்னுக்கு நிஸாப் இருபது தீனார். ஒரு தீனார் எவ்வளவு என்பதை இன்றைய கிராமில் எவ்வாறு அறிவது? அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி (இறப்பு 2022) தம் 'ஃபிக்ஹுஸ் ஸகாத்' நூலில், அருங்காட்சியகங்களில் பேணப்படும் பழைய தீனார்களை நிறுத்துக் கண்ட முடிவையே ஏற்று 4.25 கிராம் என்று கொண்டார்; அதன்படி நிஸாப் 85 கிராம். இங்கேதான் தேய்மானத்தின் தரம் முக்கியமாகின்றது. தேய்ந்த காசை நிறுத்தால் அளவு குறையும். ஏழைகளின் உரிமையை நிறுவும் எல்லையே பிறழும். எனவே ஆய்வாளர் தேயாத காசுகளையே தேர்ந்தெடுத்தனர். எகிப்தில் தீனாரைச் சரிபார்ப்பதற்கென வார்க்கப்பட்ட கண்ணாடி எடைக்கற்களும் துணைநின்றன. கண்ணாடி எளிதில் தேயாது. சுரண்டினாலும் மறைக்க இயலாது. ஹனஃபி அறிஞர்கள் நம் துணைக்கண்டத்தில் ஏழரைத் தோலா, அதாவது 87.48 கிராம் என்று கணக்கிட்டதும், ஊருக்கு ஊர் பத்தரைப் பவுன், பதினொரு பவுன் என்று வேறுபடக் கேட்பதும் இந்த எடைக் கணக்கின் வேறுபாட்டால்தான்.

அந்தப் 'பவுன்' என்ற சொல்லையும் சற்று நோக்குவோம். பவுன், சவரன் இரண்டுமே பிரிட்டிஷ் காசின் பெயர்கள். 1817 முதல் அடிக்கப்படும் சாவரின் என்னும் பொற்காசு 22 காரட் மாற்றும் 7.988 கிராம் எடையும் உடையது. அதையே முழுமையாக்கி 8 கிராம் ஒரு சவரன் என்று நம் பொற்கொல்லர்கள் கொண்டனர். 1918-இல் பம்பாயிலேயே இக்காசு அடிக்கப்பட்டது. இந்தியாவைக் குறிக்கும் சிறிய 'ஐ' எழுத்து அதில் உண்டு. மஹர் தொகையைப் பவுனில் எழுதும் நிக்காஹ் பதிவேடுகளும், நிஸாபைப் பவுனில் கூறும் ஜும்ஆ உரைகளும் அக்காசின் நிழலிலேயே நிற்கின்றன. ஓஃபா நம் அளவால் தம் பொன்னை அளந்தார். நாம் அவர் நாட்டுக் காசால் நம் ஸகாத்தை அளக்கின்றோம்.

போலிக் காசைக் கண்டறியும் வழியிலும் நம் முன்னோரின் பங்கு உண்டு. வார்ப்பில் செய்த போலியின் எழுத்து ஓரங்கள் மழுங்கியிருக்கும். விளிம்பில் வார்ப்பின் இணைப்புக் கோடு தெரியும். சிறு காற்றுக் குழிகள் காணப்படும். இவற்றில் ஐயம் தீராவிடின் காசை நீரில் நிறுத்து அதன் ஒப்படர்த்தியைக் காண்பர். தூய பொன்னுக்கு அது 19.3. உலோகங்களின் இவ்வளவைகளை வியக்கத்தக்க நுட்பத்துடன் கண்டறிந்தவர் அல்-பிரூனி, கி.பி. 1121-இல் 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலில் அம்முறையையும் அதற்கான துலாக்கோலையும் விரித்துரைத்தவர் அல்-காஸினி.

ஓஃபாவுக்குப் பின் மெர்ஸியாவை ஆண்ட கென்வுல்ஃபின் பொற்காசு ஒன்று 2001-இல் பெட்ஃபர்ட்ஷயரில் ஓர் ஆற்றோரம் கிடைத்தது. அச்சிலிருந்து அன்று எடுத்தது போன்ற புதுமையோடு அது விளங்கியது. தனித்துக் கிடைத்த ஒற்றைக் காசு அந்நாளைய 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வரம்பிற்குள் வராமையால் 2004-இல் ஏலத்தில் விற்கப்பட்டு, வெளிநாடு செல்லவிருந்தது. ஏற்றுமதி தடுக்கப்பட்டு, 2006-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 3,57,832 பவுண்டு கொடுத்து அதனை வாங்கியது. கண்டெடுத்த இடம் தெரிந்தது, தேயாதது, ஐயத்திற்கு இடமில்லாதது; சனதும் மத்னும் ஒருங்கே அமைந்த காசு. அதில் அரபி ஓரெழுத்தும் இல்லை. மன்னர் உருவும் இலண்டன் பெயரும் இலத்தீனில் உள்ளன. எடை மட்டும் 4.33 கிராம். எழுத்து மறைந்த பின்பும் மித்கால் அங்கே நிலைத்திருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் இத்தொடர்பு அறுபடவில்லை. மூன்றாம் ஹென்றி தம் கருவூலத்தில் சேர்த்த பொன்னில் ஸ்பெயின், மக்ரிப் நாடுகளை ஆண்ட முவஹ்ஹிதுகளின் தீனார்களும் இருந்தன. 1257-இல் அவர் வெளியிட்ட பொற்பென்னி நிலைபெறாமல் போயிற்று. இன்று எட்டு அளவில்தான் அறியப்பட்டுள்ளன. டெவன் மாவட்டத்து வயலில் 2021-இல் கிடைத்த ஒன்று 2022 சனவரி ஏலத்தில் 5,40,000 பவுண்டு கேள்வித்தொகைக்குப் போயிற்று.

வெள்ளியின் கதை வடக்கிலிருந்து வருகின்றது. 1840-இல் லங்காஷயரின் குவர்டேலில் ஆயிரக்கணக்கான வெள்ளிக்காசுகளோடு கிடைத்த வைக்கிங் புதையலில் திர்ஹம்களும் கலந்திருந்தன. 2007-இல் யார்க் பள்ளத்தாக்கில் கிடைத்த புதையலின் 617 காசுகளுள் சமர்கந்தில் அடிக்கப்பட்டவையும் உண்டு. அவற்றை 10,82,800 பவுண்டுக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் யார்க் அருங்காட்சியகமும் கூட்டாக வாங்கின. இத்தகைய திர்ஹம்களில் பல துண்டுகளாக வெட்டப்பட்டும், வெள்ளியின் தரமறியக் கத்தி முனையால் கீறிப் பார்க்கப்பட்டும் காணப்படுகின்றன. அழகிய காசை விரும்பும் சேகரிப்போர் அவற்றைத் தாழ்ந்த தரமென ஒதுக்குவர். வரலாற்றாசிரியர்களோ அந்தக் கீறல்களையே தேடி எண்ணுகின்றனர். கண்டெடுத்தோர் தாமே முன்வந்து பதிவு செய்யும் திட்டம் 1997-இல் அங்கே தொடங்கப்பட்டபின், வயல்களில் ஒற்றை ஒற்றையாகக் கிடைக்கும் தீனார், திர்ஹம்களும் கிடைத்த இடத்தோடு பட்டியலில் ஏறி வருகின்றன.